பதினாறாவது ஆள்

மகன்,

உனக்கு என் ஸலாம். தொலைபேசியில் கதைத்தால் நான் இரண்டு வசனத்தைத் தாண்டமாட்டேன், நேரில் என்றால் சத்தம் போட்டுவிடுவேன். இரண்டும் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் நானே, என் வலதுகைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே, கணினியில் தட்டியிருக்கிறேன். நீ நம்பமாட்டாய். கொஞ்சம் பொறுத்து வாசி, நம்புவாய்.

இந்த மூன்று மாதமாகச் சனிக்கிழமை காலைகளில் சாமான் எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லி வந்தேன். நான் அக்கரைப்பற்றுக்குப் போகவே இல்லை. கல்முனையில்தான் இருந்தேன். நம் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தொழில்நுட்பக் கல்லூரியின் மேல்மாடியில், ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து கணினி அறிமுக வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வெறும் கையோடு திரும்பி வந்து, "விலை சரிவரல்ல" என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ தலையாட்டுவாய். ஒரு நல்ல வியாபாரி இத்தனை சனிக்கிழமை வெறும் கையோடு வரமாட்டான் என்று உனக்குத் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

ஏன் போனேன் என்பதைச் சொல்கிறேன். மலேசியாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டும் சொன்னாய். அன்று பகல் நீ ளுஹர் தொழப் போயிருந்த நேரம், சோற்றைப் போட்டுவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவனுக்கு மலேசியாவில படிக்க எடம் கெடச்சிரிக்கி. போகமாட்டானாம்."

"ஏன், காசா?"

"காசு அவங்களே குடுக்கிறாங்களாம். காரணம் நீங்கதான்."

"நான் என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல. அதான் காரணம். கடையில இரிக்கிற அந்தப் பெட்டிய ஒங்களால பாக்கேலாதாம். வாப்பாவத் தனிய உட்டுட்டுப் போனா, திரும்பி வாறதுக்குள்ள கடைய இழுத்து மூடிருவாராம்."

எனக்குக் கோபம் வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். கை கழுவும்போதுதான், நீ சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. உன் படிப்பை மறிப்பது அந்தப் பெட்டி என்றால், அந்தப் பெட்டியைப் படித்துவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். அப்போது நீ பதில் எழுத நாள் நிறைய இருந்தது. இப்போது இந்த மாதக் கடைசி மட்டும்தான் இருக்கிறது.

கடை எப்படி வந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி கட்டி, ஆணியும் கதவுப் பிணைச்சலும் பூட்டும் போட்டுக்கொண்டு, வீடு கட்டும் சத்தம் கேட்கும் இடமெல்லாம் போய் விற்றேன். பிறகு கடல் வந்து சாய்ந்தமருதுவையும் மருதமுனையையும் அள்ளிக்கொண்டு போனது. ஊர் முழுக்க வீடு கட்டியது. ஊர் அழுத காலத்தில்தான் என் கடை வளர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நியாய விலைக்குத்தான் விற்றேன், கிடைக்காத சாமானை வரவழைத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த வருடங்களில் எத்தனை கதவுக்குப் பிணைச்சல் கொடுத்தேன், அந்தக் கதவுக்குள் யார் இல்லை என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. சாமான் அடுக்கும் இறாக்கைகளில் எதில் எந்த ஆணி, எந்த மேசன் எந்தச் சீமெந்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான், எல்லாம் தலைக்குள்தான். நீ படித்து முடித்து வந்து கணினியைக் கடைக்குள் கொண்டு வைத்த அன்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும்: "என்ட தலைக்குள்ள இரிக்கிற கடைய என்னத்துக்கு மகன் ஒரு பெட்டிக்குள்ள போடுற?" நீ சிரித்தாய். பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இப்போது நானே சொல்லப் போகிறேன்.

முதல் நாள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தது மேரி. சொறிக்கல்முனையில் பாலர் பாடசாலை நடத்துகிறவர், என்னைவிடப் பத்து வயது குறைவு. நாங்கள் இரண்டு பேரும்தான் அந்த வகுப்பில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள். நஸ்மியா மிஸ் உன் வயதுப் பிள்ளை. மவுஸைப் பிடித்து அம்புக்குறியை வலப்பக்கம் கொண்டு போகச் சொன்னார். நான் கொண்டு போனேன், கொண்டு போனேன், மேசையின் விளிம்பு வந்துவிட்டது.

"மிஸ், எடம் முடிஞ்சி."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேல்மாடி ஆடியது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "தூக்கித் திரும்ப நடுவில வைங்க மாமா. அம்பு அங்கயே நிக்கும்" என்றார். தூக்கி வைத்தேன். நின்றது! நான் வேறு இடத்துக்கு வந்துவிட்டேன், அது மட்டும் நான் விட்ட இடத்திலேயே எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. சிரித்த பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அன்று வீடு வரும் வரையும் அதே யோசனை.

அடுத்த வாரம் மிஸ் பழைய கணினி ஒன்றின் மூடியைக் கழற்றிக் காட்டினார். நான் இரும்புச் சாமான் வியாபாரி. ஒரு இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே பல்சக்கரம், பட்டி, கிறீஸ் என்று ஏதாவது இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். சுற்றுகிற சாமான் என்று இருந்தது ஒரு சின்ன விசிறியும், தகவல் எழுதி வைக்கிற தட்டும்தான். மற்றதெல்லாம் அசையாமல் கிடந்தது. நிறுத்துப் பார்த்தால் ஒரு கதவுப் பூட்டின் பாரம்கூட வராத ஒரு கறுப்புச் சிப் துண்டைக் காட்டி, கணக்கு எல்லாம் இதற்குள்தான் நடக்கிறது என்றார். என்ன நடக்கிறது என்று கேட்டேன். "சுவிட்ச் மாமா. ஓன், ஒஃப். வேற ஒண்டும் இல்ல. எண்ணிக்கொள்ள ஏலாத அளவு சுவிட்ச்."

நான் வாழ்நாளெல்லாம் சுவிட்ச் விற்றவன். அதில் ஒன்று இரண்டு என்று எழுதலாம், ஒருவனின் பெயரை எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு விளங்கவில்லை என்று மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று வந்திருந்தவர்கள் பதினாறு பேர். முதலில் எட்டுப் பேரை வாங்கில் வரிசையாக இருத்தினார். எழும்பி நிற்பவர் ஓன், உட்கார்ந்து இருப்பவர் ஒஃப். இரண்டாவது ஆளும் எட்டாவது ஆளும் மட்டும் எழும்ப வேண்டும் என்றார். எழும்பினார்கள். "இதுதான் இங்கிலீஷ் ஏ" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நம்மட எழுத்துக்கு எட்டுப் பேர் காணாது. எல்லாரும் வாங்க" என்றார். பதினாறு பேரும் ஒரே வரிசையானோம். மேரி பதினைந்தாவது ஆள். ஓரத்தில் நான், பதினாறாவது ஆள். மிஸ் யார் யார் எழும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு பேர் எழும்பினோம். அதில் நானும் ஒருவன். பத்துப் பேர் இருந்தார்கள்.

"இப்ப நீங்க எல்லாரும் சேர்ந்து ஆனா. நம்மட முதல் எழுத்து."

மகன், நான் ஒரு எழுத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். எழுத்தைப் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், கடைப் பலகையில் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறேன். ஒரு எழுத்தின் ஒரு பாகமாக நான் எழும்பி நிற்பேன் என்று நினைத்ததில்லை. அப்படியே நின்றுவிட்டேன்போல. மேரி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"முதலாளி, இரிங்க! இப்ப ஆவன்னா. நீங்க இரிக்கணும், நான் எழும்பணும்."

"கொஞ்சம் பொறுங்க, முழங்கால் மடங்கணுமே."

"ஒங்கட முழங்கால் மடங்கும் வரைக்கும் தமிழ் காத்துக்கொண்டு நிக்குமா?"

நான் இருந்தேன். அவர் எழும்பினார். வேறு யாரும் அசையவில்லை. ஆனா ஆவன்னாவாக மாறியது. அவ்வளவுதான் வித்தியாசம், ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்தான், பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். நான் கேட்டேன்: "மிஸ், அப்ப சும்மா இரிக்கிற ஆக்களுக்கு என்ன வேல?"

"சும்மா இல்ல மாமா. நீங்க இப்ப இரிக்காட்டி இது ஆவன்னாவே இல்ல. இரிக்கிறதும் எழுத்துத்தான்."

குர்ஆன் ஓதும் சத்தம், உன் தங்கச்சியின் கல்யாணப் படம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் முகம் காட்டிக் கதைப்பது எல்லாம் இப்படியா என்று கேட்டேன். எல்லாம் இதேதான் என்றார். அன்று கடைக்கு வந்து பெட்டியிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து டக், டக் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். பெயின்ட் வாங்க வந்த ஒரு மேசன், "என்ன முதலாளி, சுவிட்ச் பழுதா?" என்று கேட்டான். "இல்ல, எழுதிப் பாக்கிறன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உன்னிடம் போய், வாப்பாவுக்கு உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரித்தானாமே. அதுதான் காரணம்.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. உனக்கும் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் நீ இதை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய்.

கடையை மூடும்போது மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுத்தான் சட்டரை இறக்குவேன். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை வயர் உருகி எரிந்த காலத்திலிருந்து அது என் சட்டம். கணினி வந்த பிறகும் அதே சட்டம்தான். நீ யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தாய். மெயினை இழுத்ததும் அது கீ கீ என்று கத்தியது. என் கடையில் என்னைப் பார்த்துக் கத்துகிற சாமான் எதற்கு என்று அதன் வயரையும் பிடுங்கிவிட்டேன். பொழுதுபட்டு மஃரிபுக்கு நீ வீட்டுக்குப் போன பிறகு, மேசன்மார் வேலை முடித்து வந்து மறுநாளைக்குச் சாமான் வாங்கும் நேரத்தில், நீ காட்டித்தந்த கட்டங்களில், மவுஸைத் தொடாமல் கீபோர்டில் மட்டும், நான்தான் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். ஒருநாள் காலை பார்த்தால் நான் தட்டியது எதுவும் இல்லை. "சேவ் பண்ணணும் வாப்பா" என்று நீ வாயெடுத்தாய். நான் விட்டேனா? "நான் மண்டைய உடைச்சித் தட்டினதக் காணல்லண்டா அது ஒன்ட பெட்டிட பிழை! பெட்டியத் திருத்து!" என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாளும் காணாமல் போகவில்லை. பெட்டி திருந்திவிட்டது என்று நினைத்தேன். நான் போட்ட சத்தத்துக்குத்தான் திருந்தியது என்றும் நினைத்தேன். நீயும் அந்த நாளிலிருந்துதான் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போகத் தொடங்கினாய். "கடையக் கூட்டித் துடைச்சி வைக்கப் போறன்" என்பாய். பள்ளிவாசலில் நான் நாலு பேரிடம் பெருமையடித்தேன், படித்த பிள்ளை கடை கூட்டுகிறான் என்று.

நஸ்மியா மிஸ் ஒரு சனிக்கிழமை பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார். ஒன்றில் வேலை நடக்கும்போது மட்டும் நிற்கும் நினைவு, மற்றதில் எழுதி வைத்த நினைவு. மின்சாரம் போனால் முதல் பெட்டியில் உள்ளது போனதுதான், எந்தக் கணினியாலும் அதைத் தானாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றார். நான் கை தூக்கினேன்.

"மிஸ், எங்கட கடைப் பெட்டி அப்படி இல்ல. நான் மெயின இழுத்தாலும் காலையில எல்லாம் இரிக்கும்."

"சேவ் பண்ணாமலா?"

"ஓம், ஒரு நாளும் பண்ணினதில்ல."

மிஸ் கையிலிருந்ததை மேசையில் வைத்தார். "மாமா, காலையில கடைய யாரு தொறக்கிற?"

காலையில் கடையைத் திறப்பது நீ. மேரி என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்கும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் உடைந்த பென்சில்களை அவர்கள் வருமுன் சீவி வைக்கும் அவருக்கும் ஏதோ ஒற்றுமை இருக்க வேண்டும், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு வருடம், மகன். முந்தின நாள் பில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் தட்டியதையெல்லாம் நீ திரும்பத் தட்டியிருக்கிறாய். பெட்டி திருந்தவில்லை. பெட்டிக்கு யாருடைய சத்தமும் கேட்காது.

அன்று மாலை நான் தட்டி முடித்து, சேவ் பண்ணி, முறைப்படி கணினியை அணைத்து, அது முழுதாக உறங்கும் வரை காத்திருந்து, பிறகு மெயினை இழுத்தேன். மறுநாள் சுபஹுக்குப் பிறகு உனக்குத் தெரியாமல் பின்கதவால் வந்து பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் நின்றேன். நீ வந்தாய். கணினியைப் போட்டாய். பில்களை எடுத்து வைத்தாய். திரையைப் பார்த்தாய், பில்லைப் பார்த்தாய், திரும்பவும் திரையைப் பார்த்தாய். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு எழும்பிப் போய் விளக்குமாற்றை எடுத்தாய். முதன்முறையாக உண்மையிலேயே கடையைக் கூட்டினாய். இரண்டு வருடக் குப்பை, மகன், இருமல் வந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலைச் சாப்பாட்டில் நீ இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டதை உம்மா கவனித்துக் கேட்டாள்.

இப்போது சொல்கிறேன். நீ செய்தது பெரிய காரியம், நான் அதற்குத் தகுதியானவனா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த முறை யாருக்காகவும் அப்படிச் செய்யாதே. நீ இன்னொரு தரம் சொல்லியிருந்தால் நான் இன்னொரு தரம் சத்தம் போட்டிருப்பேன், மூன்றாம் தரம் கேட்டிருப்பேன். போகும் இடத்தில் உன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களோடு வேலை செய்ய வேண்டிவரும். அவர்கள் பிழையை விடியுமுன் எழும்பித் திருத்தி வைக்காதே, பக்கத்தில் இருந்து காட்டிக் கொடு. கோபித்தால் கோபிக்கட்டும்.

நீ அன்று பதில் சொல்லாமல் சிரித்த கேள்விக்கு வருகிறேன். தலைக்குள் இருக்கும் கடையைப் பெட்டிக்குள் ஏன் போட வேண்டும்? என் தலையும் அந்த முதல் பெட்டிதான். மெயின் என் கையில் இல்லை, அதை இழுப்பவன் அல்லாஹ். போன மாதம் மூன்று அங்குலப் பிணைச்சல் எங்கே என்று எனக்கே மறந்துபோய்த் தேடினேன், நீ பார்க்கவில்லை. அதனால் எழுதத் தொடங்கினேன். எக்செல்லில் சீமெந்தின் விலையை ஒரு கட்டத்தில் மாற்றினேன், கீழே இருந்த கூட்டுத்தொகையெல்லாம் தானாகவே மாறியது. "ஸுப்ஹானல்லாஹ்!" என்று வகுப்பில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மேரி விடுவாரா? "முதலாளி, இது வெறும் எக்செல். அற்புதம் பாக்கணும்டா எங்கட கோயில் பெருநாளுக்கு வாங்க" என்றார். சிரித்தேன். ஆனால் உன்னிடம் சொல்கிறேன், எனக்கு அது அற்புதம்தான். ஒன்றை மாற்றினால் அதோடு தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் அது தெரிந்துவிடுகிறது. நம் வீட்டில் அப்படி நடப்பதில்லை, உனக்கு இடம் கிடைத்தது எனக்குத் தெரியவர சோறு ஆறிப்போனது.

நீ இல்லாத நேரம் பார்த்து, இறாக்கை இறாக்கையாக நம் கடை முழுவதையும் ஏற்றிவிட்டேன். எந்த மேசனுக்கு எந்தச் சீமெந்து என்பதையும் ஒரு ஓரக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். பிழை இருக்கலாம், பார்த்துச் சொல். திருத்தாதே, சொல்.

இன்று கடைசி வகுப்பு. செய்முறைச் சோதனைக்குக் கணினியில் ஒரு கடிதம் தட்டி, சேவ் பண்ணி, அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் தட்டினார்கள். நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், மூன்று சனிக்கிழமையாக. மிஸ் இதுவரை தட்டியதை வாசித்துப் பார்த்துவிட்டு, கல்லூரி மலரில் போடலாமா என்று கேட்டார். போடட்டும், என்னைப்போல இன்னும் எத்தனை பேர் மெயினை இழுத்துக்கொண்டிருக்கிறார்களோ. ஆனால் முதலில் வாசிக்க வேண்டியவன் நீ. அதனால் இதன் பிரதி ஒன்றைக் கடைக் கணினியில், நீ திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறேன். இங்கே எடுத்து அங்கே வைத்தும் இங்கே குறையாமல் இருக்கிறது, நாற்பது வருட வியாபாரத்தில் நான் காணாத சாமான் இது.

நாளைக் காலை வழக்கம்போல நீ வருவாய். விளக்குமாற்றைத் தேடாதே, நான் கூட்டி வைத்துவிடுவேன். அதே நாற்காலியில் இருந்து மலேசியாவுக்குப் பதில் எழுது. வருகிறேன் என்று எழுது. எழுதி முடித்து அனுப்பும் வரை மெயின் பக்கம் போகமாட்டேன்.

பதினாறாவது ஆள் இருந்துவிட்டேன் மகன். நீ எழும்பு.

வாப்பா